செல்வாம்பாள் ஓட்டிய தொடர்

ஓரகத்திகள் என்றால் ஒருத்தி குடியைக் கெடுக்கவே இன்னொருத்தி பிறந்திருக்கிறாள் என்று டிவிக்காரன் சட்டம் போட்டு நடத்திக்கொண்டிருந்த காலம் அது. நெல்லித்தோப்பில் எங்கள் தெருவில் அந்தச் சட்டத்துக்கு அடங்காத வீடு எங்கள் வீடு ஒன்றுதான். மூத்தவர் ராமலிங்கத்தின் மனைவி செல்வாம்பாள். இளையவர் கோவிந்தசாமியின் மனைவி நான், அஞ்சலாட்சி. ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே டிவி. நாங்கள் சிரித்துப் பேசிக்கொண்டு தண்ணீர்க் குழாய்க்குப் போனால் தெருப் பெண்களுக்கு முகம் சுருங்கிவிடும். "உள்ளுக்குள்ள என்னா வெச்சிருக்காளுங்களோ" என்று என் காதுபடவே பேசுவார்கள். எதிர்வீட்டுக்காரி ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எதுக்கும் நீ குடிக்கிற பாலை மோந்து பாத்துட்டுக் குடி" என்றாள். முதல் நாள் தொடரில் ஒரு ஓரகத்தி பாலில் விஷம் கலந்திருந்தாள். பைத்தியக்காரச் சனங்கள்! எங்கள் வீட்டில் பால் வாங்குவதே டீக்கு மட்டும்தான்.

செல்வாம்பாள் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவள் வாயிலிருந்துதான் தொடங்க வேண்டும். உடம்பு என்னவோ ஒல்லிக்குச்சிதான். வாய் மட்டும் நாலு ஆள் கனம். எதையும் உள்ளது உள்ளபடி சொல்ல அவளுக்கு வராது. கத்திரிக்காய் வாங்கி வந்ததைச் சொன்னாலும் அதில் கடைக்காரன் வருவான், அவன் மீசை வரும், அவனுக்கும் அவன் மச்சானுக்கும் உள்ள தகராறு வரும். கேட்டு முடிக்கும்போது எனக்கு அந்த மச்சான் மேல் கோபம் கோபமாக வரும். அவன் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை.

அதனால்தான் தொடரைத் தவறவிட்டவர்கள் எல்லாம் காலையில் குழாயடியில் அவளைப் பிடித்துக்கொள்வார்கள். ஒருத்திக்குக் கரண்ட் போயிருக்கும், ஒருத்தி புருஷன் கிரிக்கெட் வைத்திருப்பான். அக்கா குடத்தை இடுப்பில் வைத்தபடியே மாமியார் முறைப்பதை முறைத்துக் காட்டுவாள், பின்னணி இசையை வாயாலேயே போடுவாள். விளம்பர இடைவேளை வரும் இடத்தில் நிறுத்திக் குடத்தை நிரப்பிக்கொள்வாள். தொடரைக் கண்ணால் பார்த்தவர்களும் நின்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். எனக்கு வேலை கெட்டுப்போகும், திட்டுவேன். "போடி இவளே, நாலு சனம் சந்தோசமா கேக்குது" என்பாள்.

அக்கா சமையல் வேலை பார்த்த இடம் மிஷன் வீதிக்குப் பின்னால் மதாம் பொலின் வீடு. மதாம் என்றாலும் தமிழ்க் கிறிஸ்தவர்தான், அவர் புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். பிரெஞ்சுக்காரன் ஆண்ட எங்கள் ஊரில் அப்படிப்பட்டவரைச் சொல்தா என்போம். அவர் போய்ச் சேர்ந்து வெகு காலம். மதாம் தனியாக அந்தப் பெரிய வீட்டில் நிமிர்ந்த முதுகோடு இருந்தார். மாதா கோயிலுக்குப் போனாலும் சரி, வீட்டில் கஞ்சி குடித்தாலும் சரி, முகத்துக்குப் பவுடர் போட்டிருப்பார். ஒரே மகள் ஈனெஸ் பாரிஸ் பக்கம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஏற்கெனவே கல்யாணமாகி விவாகரத்து வாங்கிய ஒருவரைக் கட்டிக்கொண்டாள். மாதா கோயிலில் மந்திரித்துக் கட்டிவைக்க மாட்டார்கள் அல்லவா, அந்த ஊர் மேரியில், நகராட்சி ஆபீசில், கையெழுத்துப் போட்டதோடு சரி. "மேரியில போட்ட கையெழுத்து வீட்டுப் பத்திரத்துக்கு ஆகும், கல்யாணத்துக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டு மதாம் மகளோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

நிறுத்தினாரே தவிர, முதலில் அவ்வளவு கல்லாக இல்லை. ஈனெஸ் ஞாயிறு தவறாமல் போன் செய்வாள். அக்காதான் எடுப்பாள். மதாம் பேச மாட்டார். ஆனால் சாப்பாட்டு மேசையைத் துடைக்கிற சாக்கில் போன் பக்கமாகவே நிற்பார். "இன்னும் கொஞ்ச நாள், பேசிருவாங்க" என்று அக்கா என்னிடம் சொல்வாள். அந்த நேரத்தில் பார்த்து இந்த ஏழரை மணித் தொடர் வந்து தொலைந்தது.

அதில் தில்லைநாயகி என்று ஒரு பணக்கார அம்மா. மகள் சுகந்தி இஷ்டப்பட்டவனைக் கட்டிக்கொண்டு போய்விடுகிறாள். தில்லைநாயகி பட்டுப்புடவையோடு வாசலில் நின்று, "என் வாசல்ல வந்து விழுந்து கெடந்தாத்தான் உன் பேரை நான் சொல்லுவேன்" என்று சபதம் போடுகிறாள். ஊரே கைதட்டியது. எங்கள் தெருவில் அந்த மாசம் மட்டும் இரண்டு தாய்மார்கள் மகள்களோடு பேச்சை விட்டார்கள். மதாமோ அந்த வசனத்தை மனப்பாடமே செய்துவிட்டார். அடுத்த ஞாயிறு போன் மணி அடித்ததும் எழுந்து நின்று, "என் வாசல்ல வந்து விழுந்து கெடந்தாத்தான்..." என்று தில்லைநாயகி குரலிலேயே சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம். பட்டுப்புடவை கட்டாததுதான் பாக்கி. அந்தத் தொடரை எழுதினவனுக்கு மதாம் பொலின் யாரென்று தெரியாது. எங்கோ உட்கார்ந்து எழுதியிருப்பான். அவன் எழுதியது நேராக இந்த வீட்டுக்குள் நுழைந்து ஒரு தாயின் வாயைக் கட்டிவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவன் எதிரே வந்திருந்தால் கேட்டிருப்பேன்.

இது நடந்தது சுனாமி வந்த வருஷம், அது வருவதற்கு முன்னால். தை மாசத்தில் ஒரு ஞாயிறு ஈனெஸ் போனில் அழுதிருக்கிறாள். முப்பத்தெட்டு வயதில் முதல் பிள்ளை உண்டாகியிருக்கிறது, பயத்தில் அதுவரை சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். பங்குனிக் கடைசிக்குள் பிறந்துவிடும். ரத்தக்கொதிப்பு இருக்கிறது, ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்கிறார்கள். "செல்வாக்கா, எனக்குப் பயமா இருக்கு. புள்ள பொறக்குறதுக்குள்ள அம்மா ஒரு தடவ பேசினாப் போதும்" என்றாளாம். அக்கா வேண்டுமென்றே, "மாசமா இருக்கியா பாப்பா!" என்று வீடு அதிரக் கத்தினாள். மதாமுக்குக் காது கொஞ்சம் மந்தம், ஆனாலும் விழுந்துவிட்டது. அறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். பிறகு மறுபடி சாத்திக்கொண்டார். அன்றைக்கு அக்கா வீட்டுக்கு வந்ததும் சோறுகூடப் போட்டுக்கொள்ளவில்லை. "அந்தப் பொண்ணு தனியா கெடந்து அல்லாடுது அஞ்சல. இந்தப் பொம்பள பேசணும். எப்படியாச்சும் பேசணும்" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள்.

மாசியில் சாம்பல் புதன் வந்தது. கிறிஸ்தவர்களுக்குத் தவக்காலம். நாற்பது நாளும் எதையாவது விட்டுவிடுவார்கள். மதாமின் சினேகிதி மதாம் சூசான் கறியை விட்டார். இன்னொருவர் காப்பியை விட்டார். மதாம் பொலின், ஆண்டவருக்கென்று பெரிதாக எதையாவது கொடுக்க வேண்டும் என்று யோசித்து, டிவியை விட்டுவிட்டார்! டிவி மேல் பூப்போட்ட துணியைப் போர்த்தி, அதன்மேல் மாதா சுரூபத்தையும் எடுத்து வைத்தாயிற்று.

மறுநாள் காலை அக்கா அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கும்போது மதாம் சமையல்கட்டுக்கு வந்து நின்றார். எதையோ தேடுகிற மாதிரி டப்பாக்களைத் திறந்து மூடினார்.

"செல்வாம்பா, நேத்து என்னாச்சு?"

"எது மதாம்?"

"அதான்... தில்லைநாயகி."

"தவக்காலத்துக்கு விட்டுட்டேன்னு சொன்னீங்களே மதாம்?"

"டிவிய பாக்க மாட்டேன்னுதான் ஆண்டவர்கிட்ட சொன்னேன். காதால கேக்க மாட்டேன்னு சொல்லலியே" என்றார் மதாம். முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை.

அக்காவுக்குக் கேட்கவா வேண்டும்! குழாயடியில் ஐந்து நிமிஷத்தில் ஓட்டுவதை மதாமுக்கு அரைமணி ஓட்டினாள். மதாம் முக்காலி போட்டு உட்கார்ந்து, காப்பி ஆறுவதுகூடத் தெரியாமல் கேட்பாராம். என்ன கலர்ப் புடவை, என்ன நகை என்பதெல்லாம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், "நீ சரியா பாக்கல" என்று கோபம் வரும்.

ஒரு நாள் சாயங்காலம் தொடர் தொடங்கும் நேரத்துக்கு எங்கள் தெருவில் கரண்ட் போனது. வரவே இல்லை. காலையில் எழுந்ததிலிருந்து அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "போய் கரண்ட் இல்லன்னு சொல்லேன்" என்றேன். "பாவம்டி, காத்துக்கிட்டு இருப்பாங்க" என்று சொல்லிக்கொண்டே டெம்போ பிடிக்க ஓடினாள். மத்தியானம் திரும்பி வந்தவள் முகம் ஒரு மாதிரி இருந்தது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பின்கட்டில் உட்கார வைத்தாள்.

"அஞ்சல, நான் ஒண்ணு பண்ணிட்டேன்."

"என்னா பண்ணித் தொலச்ச?"

"கதையை நானா கட்டிச் சொல்லிட்டேன்."

அவள் கட்டிய கதை இதுதான். தில்லைநாயகி ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு மகளின் பழைய அறையைத் திறக்கிறாள். கட்டிலில் உட்காருகிறாள். மகள் படுத்த தலையணையை மடியில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுகிறாள். பிறகு தலையணையை இருந்த இடத்திலேயே வைத்து, சுருக்கம் தெரியாமல் தடவிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வருகிறாள். அவ்வளவுதான்.

"இதெல்லாம் உனக்கு எங்கேருந்து வந்துச்சு?" என்றேன்.

அக்கா குரலைத் தணித்தாள். "மதாம் செய்யுறதுதான். நான் ஒரு நாள் விளக்குமாத்த எடுக்கப் போயி பாத்துட்டேன். அவங்களுக்குத் தெரியாது. வேற ஒண்ணும் தோணல, அதைச் சொல்லிட்டேன். கேட்டுட்டு மதாம் அழுதுட்டாங்கடி. 'அவளுமா?'ன்னு கேட்டாங்க. 'அவளுமா அழுதா?'ன்னு ரெண்டு தரம் கேட்டாங்க."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். மாட்டினால் வேலை போகும், மானம் போகும் என்று ஒரு பாட்டம் திட்டினேன். அவளும் ஒத்துக்கொண்டாள். இனிமேல் உள்ளதைத்தான் சொல்வேன் என்றாள். அன்று சாயங்காலம் இரண்டு பேரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். தில்லைநாயகி மகளின் துணிமணிகளை எல்லாம் முற்றத்தில் குவித்து மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினாள். தீயின் முன்னால் நின்று சிரித்தாள். அக்கா டிவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இதை எப்படிடி அவங்ககிட்ட போய்ச் சொல்லுவேன்?" என்றாள். நியாயமாகச் சொன்னால், எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. "சொல்லாத. உன் கதையே ஓடட்டும்" என்று சொன்னது நான்தான். அடி ஆத்தி, அன்றைக்கு நான் என்ன நினைப்பில் இருந்தேனோ!

அதிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு தொடர் ஓடியது. டிவிக்காரன் தொடர் ஏழரைக்கு. அக்காவின் தொடர் அது முடிந்ததும் பாத்திரம் கழுவுகிற நேரத்தில். நாளைக்கு மதாமிடம் என்ன சொல்வது என்று இருவரும் கூடிப் பேசுவோம். அக்காவுக்கு அவசரம். மறுநாளே தில்லைநாயகியைப் பாரிஸுக்குப் பிளேன் ஏற்றிவிடலாம் என்பாள். "சும்மா இரு. அவனுங்க ஒரு மாடிப்படி ஏறவே நாலு நாள் இழுக்குறானுங்க. சட்டுன்னு மனசு மாறினா மதாம் நம்ப மாட்டாங்க" என்று நான் இழுத்துப் பிடிப்பேன். புடவைக் கலர் மட்டும் டிவியில் பார்த்தபடியே. அதை மாற்ற அக்காவுக்கும் தைரியம் இல்லை. டிவியில் தில்லைநாயகி யாரையாவது அறைந்தால் அக்கா எரிச்சலோடு, "இவனுக்குக் கதையே தெரியல. இவ அந்த மாதிரிப் பொம்பள இல்ல" என்பாள். மெய்யாகவே கோபப்படுவாள்.

அக்காவின் தில்லைநாயகி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினாள். மகளுக்குப் பிடித்த குழம்பை வைக்கச் சொல்லிவிட்டு, சாப்பிடாமல் எழுந்து போனாள். தெருவில் பிள்ளை தூக்கிப் போகிற பெண்ணைக் கூப்பிட்டுப் பேர் கேட்டாள். அங்கே மதாம் பொலினும் இறங்கினார். முதலில் கேள்வி கேட்பதை நிறுத்தினார். பிறகு ஒரு ஞாயிறு போன் அடித்தபோது அறைக்குள் போகாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். அக்கா போனை வைத்ததும், "டாக்டர் என்ன சொன்னாராம்?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். டாக்டர் படுக்கையை விட்டு எழக் கூடாது என்றுவிட்டார், நாள் நெருங்கிவிட்டது என்று அக்கா சொன்னாள். மதாம், "மோன் தியே, ஆண்டவரே" என்று மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார். ஆனால் போன் பக்கம் போகவில்லை.

அதன் பிறகு அக்கா என் பேச்சைக் கேட்கவில்லை. அந்தச் சனிக்கிழமை காலை, வெள்ளிக்கிழமைக் கதை என்று தில்லைநாயகியைப் போன் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள். தில்லைநாயகி போனை எடுக்கிறாள், நம்பரைச் சுற்றுகிறாள், அந்தப் பக்கம் மகள் "ஹலோ" என்கிறாள், தில்லைநாயகி வாயைத் திறக்கிறாள். தொடரும்!

"என்ன சொன்னா?" என்று மதாம் முக்காலியை விட்டு எழுந்துவிட்டாராம்.

"அது திங்கக்கிழமதான் மதாம். சனி ஞாயிறு தொடர் இல்லியே."

"திங்கக்கிழம என்ன சொன்னாள்னு எனக்கு வார்த்தை விடாம சொல்லணும்" என்றிருக்கிறார் மதாம்.

அங்கேதான் அக்கா மாட்டிக்கொண்டாள். தில்லைநாயகி என்ன சொல்வாள்? அன்றைக்கு ராத்திரி வரைக்கும் இரண்டு பேரும் மண்டையை உடைத்துக்கொண்டோம். 'என்னை மன்னிச்சுடும்மா' என்று பார்த்தாள். "சினிமா மாதிரி இருக்கு" என்றேன். 'எப்படிம்மா இருக்க' என்று பார்த்தாள். சப்பென்று இருந்தது. கதை கட்டுவதில் இவ்வளவு கெட்டிக்காரிக்கு, பேசாமல் இருந்த ஒரு தாய் முதலில் என்ன பேசுவாள் என்று மட்டும் வரவே இல்லை. "திங்கக்கிழமைக்குள்ள வந்துரும்" என்றாள்.

திங்கட்கிழமை வரவில்லை. நடுவில் குருத்தோலை ஞாயிறு வந்துவிட்டது. மதாம் குருத்தோலை பிடித்துக் கோயிலுக்குப் போனார். பூசை முடிந்து வாசலில் நின்றபோது மனசு தாங்காமல் மதாம் சூசானிடம், "நாளைக்கு தில்லைநாயகி மகள்கிட்ட பேசிடுவா" என்று சொல்லியிருக்கிறார். கறியை மட்டும்தானே சூசான் விட்டிருந்தார், டிவியை விடவில்லையே! "அவளா பேசுவா? வெள்ளிக்கிழமதானே உயிரோட இருக்கிற மகளுக்குக் கருமாதி பண்ணினா" என்று சிரித்திருக்கிறார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்திருக்கிறார்கள்.

மதாம் வீட்டுக்கு வந்து என்ன நடந்தது என்பதை அக்கா பிற்பாடு என்னிடம் சொன்னாள். வாழ்நாளில் இந்த ஒன்றைத்தான் அவள் நடித்துக் காட்டாமல் சொன்னாள்.

"செல்வாம்பா, அடுப்ப அணைச்சுட்டு வா. வெள்ளிக்கிழம தில்லைநாயகி என்னா பண்ணினா?"

அக்கா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டே தலையைக் குனிந்தாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"கரண்ட் போன அன்னிலேருந்து மதாம்."

"அப்ப... அந்தக் கட்டில்ல உக்காந்து அழுதது?"

"அது டிவில வரல மதாம். இந்த வீட்டுல பாத்தது."

மதாமின் முகம் வெளுத்துவிட்டதாம். "என்னைப் பாத்து எனக்கே கதை கட்டினியா? என் துக்கத்த எடுத்து எனக்கே படம் ஓட்டினியா?" என்றபோது போன் மணி அடித்தது. ஞாயிறு மத்தியானம், வேறு யார்? அக்காவின் கை தானாகப் போனது. "தொடாத" என்றார் மதாம். மணி முழுக்க அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்து மறுபடி ஓய்ந்தது. "நாளையிலேருந்து வராத" என்று சொல்லிவிட்டார்.

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் சத்தமே இல்லை. குழாயடியில் பெண்கள் கதை கேட்டதற்கு அக்கா, "நான் பாக்கல" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். வேலை போனதற்காக அவள் வருந்தவில்லை. "அந்தப் பொண்ணு போன் அடிச்சா யார்டி எடுப்பாங்க? என்கிட்ட நம்பர்கூட இல்லியே" என்று படுத்துக்கொண்டே கேட்பாள். ஒரு வாய் சோறு இறங்கவில்லை. பாஸ்கா என்கிற ஈஸ்டரும் வந்து போனது. எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் அக்காவைப் பொய்க்காரி என்று சொல்ல இவர் யார்? பெற்ற மகளைத் தவிக்கவிட்டவர்! நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டு வருகிறேன் என்று, திங்கட்கிழமை சாயங்காலம் அக்காவிடம் சொல்லாமல் கிளம்பினேன். டெம்போவில் போகும்போதே நாலு கேள்வியும் பத்தாகிவிட்டது.

கதவைத் திறந்த மதாம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ அஞ்சலாட்சிதான?"

"ஆமா. உங்கள ஒரு விசயம் கேக்க வந்திருக்கேன்."

உள்ளே தொடரின் பாட்டு தொடங்கிவிட்டது. தவக்காலம் முடிந்து துணியும் மாதாவும் டிவி மேலிருந்து இறங்கியிருந்தன. மதாம் ஒரு கை காட்டி, "அரை மணி நேரம் பொறு. நாப்பது நாள் ஆச்சு பாத்து. முடிஞ்சதும் சண்ட போடு" என்று நாற்காலியைக் காட்டினார். நான் என்ன செய்வேன், உட்கார்ந்தேன்.

தொடரில் மழை கொட்டியது. சுகந்தி நனைந்துகொண்டே வாசலில் வந்து விழுந்தாள். அவள் வந்து விழுந்தால் பேசுவதாகத்தானே சபதம்? தில்லைநாயகி அவளைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். மதாம் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"யாரு இவ?"

"தில்லைநாயகிதான் மதாம்."

"இவ எப்படி இப்படிப் பண்ணுவா? ரூம்ல உக்காந்து அழுதவளா இவ?"

"அது எங்க அக்கா கட்டினது. இதுதான் நெசக் கதை" என்றேன் வெடுக்கென்று.

மதாம் என் பக்கம் திரும்பினார். "எது நெசம்? அந்த ரூம்ல அழுதது நான். அது நெசம் இல்லியா? பவுடர் பூசிக்கிட்டு வந்து கதவச் சாத்துறா இவ, இதுவா நெசம்?" தன் முகத்திலும் பவுடர் இருப்பது அவருக்கு அப்போது நினைவில்லை. எழுந்து போய் டிவியை அணைத்தார். தொடர் பாதியில் நின்றது.

எனக்குக் கேட்க வந்த பத்துக் கேள்வியும் மறந்துபோனது. மதாம் போன் பக்கத்தில் நின்றார்.

"நேத்தும் அடிச்சா. மூணு தடவ."

"ஏன் எடுக்கல நீங்க?"

"எடுத்து என்னா பேசுறது? செல்வாம்பா திங்கக்கிழமக் கதைய சொல்றேன்னு சொன்னா. அதைக் கேட்டுட்டுப் பேசலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நானே அவள அனுப்பிட்டேன்." சின்னப் பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தார். "உன்கிட்ட சொன்னாளா? தில்லைநாயகி என்னா சொன்னாளாம்?"

"அக்காவுக்கும் தெரியல மதாம். யோசிச்சு யோசிச்சுப் பாத்தா. வரல."

"அப்ப யாருக்குமே தெரியாதா?"

"தெரியாது மதாம்."

மதாம் போனை எடுத்தார். எதையும் பார்க்காமல் அத்தனை நீள நம்பரையும் விரல் தானாகப் போட்டது. காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில்தான் பேசுவார். மணி போவது எனக்கும் கேட்டது. எடுத்த குரல் "ஹலோ" என்றுகூடச் சொல்லவில்லை.

"செல்வாக்கா! என்னாச்சு? ரெண்டு ஞாயிறா அடிக்கிறேன், யாரும் எடுக்கல... அம்மா எப்படி இருக்காங்க?"

மதாம் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

"ஏன் பேச மாட்டேங்கிறீங்க செல்வாக்கா? அம்மா இருக்காங்களா? போயிட்டாங்களா? சொல்லுங்கக்கா, என்னால எழுந்து வரக்கூட முடியாதே..." அந்தப் பக்கம் அந்தப் பெண் குமுறி அழ ஆரம்பித்துவிட்டாள். இந்த நம்பரிலிருந்து போன் வந்தால் அது சாவுச் சேதியாகத்தான் இருக்கும் என்று அவள் நினைத்துவிட்டாள்.

மதாம் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கேன்டி" என்றார். "அம்மா இருக்கேன்டி."

அதன் பிறகு இரண்டு பக்கமும் அழுகைதான். நான் எழுந்து செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே வந்துவிட்டேன். டெம்போவில் எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் என்னம்மா என்னம்மா என்று கேட்டார்கள்.

வீட்டுக்கு வந்து அக்காவை எழுப்பி உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு அவளைப் போலச் சொல்ல வராது. முன்னது பின்னதாகக் குழறிக் கொட்டினேன். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. என்னையே உற்றுப் பார்த்தாள்.

"நெசமா அஞ்சல? இல்ல, நான் சோறு திங்கலன்னு நீயா கட்டிச் சொல்றியா?"

"எனக்குக் கட்ட வருமா? கட்டியிருந்தா பெரிய வசனமா வெச்சிருக்க மாட்டனா?"

"மதாம் என்னா சொன்னாங்க? மொத வார்த்தை என்னா?"

"'இருக்கேன்டி'ன்னாங்க."

அக்கா அந்த வார்த்தையை ஒரு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். அப்புறம்தான் நம்பினாள்.